உங்கள் ஊருக்கு எரிவாயுக் கிணறு வருகிறதா? முதன்முறையாகக் களத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மீத்தேன், ஷேல் எரிவாயு, ஹைட்ரோகார்பன் என்ற சொற்கள் காவிரிப் படுகையில் பத்து பதினைந்து ஆண்டுகளாகப் புழங்குகின்றன. ஆனாலும் சொந்த ஊரின் பெயரே பட்டியலில் வந்துவிட்டால் யாரிடம் போவது, எந்த ஆவணத்தைக் கேட்பது, எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்பவர்கள்தான் அதிகம். தங்கள் வயலிலோ பக்கத்து ஊரிலோ அளவை நடப்பதைப் பார்த்துவிட்டு, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

துரப்பண எந்திரம் வயலில் இறங்குவது ஏறக்குறைய கடைசிக் கட்டம். அதற்கு முன்பே பல மேசைகளில் கையெழுத்து விழுந்திருக்கும். மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் ஒப்பந்தம் 2010இல் கையெழுத்தானது. கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனம் மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது 2011 ஜனவரி 4ஆம் தேதி. பரப்பு 691 சதுர கிலோமீட்டர். பெரும்பாலான விவசாயிகளுக்கு இதன் பொருள் விளங்கியது அதற்குப் பிறகுதான். நம்மாழ்வாரும் அவரோடு நின்ற இயக்கங்களும் ஊர் ஊராகப் போய் விளக்கினார்கள். 2013 ஜூலையில் மாநில அரசு பணிகளை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று, இதே பரப்புரைக்காகப் போயிருந்த இடத்தில், பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் நம்மாழ்வார் காலமானார். 2015 அக்டோபரில் மாநில அரசு திட்டத்தை நிராகரித்தது. ஒரு கிணறுகூடத் தோண்டப்படாத நிலையில் தடுத்ததால்தான் அது சாத்தியமாயிற்று. தோண்டிய பிறகு நிறுத்துவது பல மடங்கு கடினம். ஆகவே நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் ஊர்க் கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதைத்தான்.

எதை எடுக்கப் போகிறார்கள்?

ஒவ்வொரு எண்ணெய்க் கிணறும் ஃபிராக்கிங் (பாறையில் விரிசல் உண்டாக்கி வாயு எடுக்கும் முறை) கிணறு ஆகிவிடாது. நரிமணம் பகுதியில் 1980களிலேயே எண்ணெய் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பாறையின் நுண்துளைகளில் தேங்கியிருக்கும் எண்ணெயும் வாயுவும் துளையிட்டால் தாமாகவே மேலே வரும், அல்லது இறைத்து எடுக்கலாம். இது வழக்கமான முறை. இதிலும் கசிவு, குழாய் உடைப்பு, கழிவு எண்ணெய் என்று கெடுதல்கள் உண்டு.

ஷேல் என்பது வேறு. அந்தக் களிமண் பாறையில் வாயு இறுகச் சிறைப்பட்டிருக்கும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் துளையிட்டு, துளையைப் பக்கவாட்டில் திருப்பி, நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குவார்கள். விரிசல் மூடிவிடாமல் மணல் தாங்கிக்கொள்ளும். இதுதான் ஃபிராக்கிங். ஒரே கிணற்றுக்குக் கோடி லிட்டர் கணக்கில் தண்ணீர் வேண்டும். உள்ளே போனதில் ஒரு பகுதி, ஆழத்தில் உள்ள உப்பையும் உலோகங்களையும் சேர்த்துக்கொண்டு மேலே திரும்பி வரும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி.

நிலக்கரிப் படுகை மீத்தேன் இன்னொரு வகை. நிலக்கரி அடுக்கில் வாயுவைப் பிடித்துவைத்திருப்பது நீரின் அழுத்தம். வாயு வெளியேற வேண்டுமென்றால் அந்த நீரை மாதக்கணக்கில் இறைத்துக் கொட்ட வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீரை இப்படி இறக்கினால் உப்புநீர் உள்ளே நகரும் என்ற அச்சம்தான் மன்னார்குடிப் போராட்டத்தின் மையம். கடைமடை விவசாயிக்கு அந்த அச்சத்தை யாரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை. அவருடைய ஆழ்துளைக் கிணற்றில் (போரில்) உப்பு ஏறியதை அவரே பார்த்திருக்கிறார்.

“இங்கே ஃபிராக்கிங் செய்யப்போவதில்லை, சாதாரணக் கச்சா எண்ணெய்தான்” என்று அதிகாரி ஒருவர் உங்களிடம் சொல்லலாம். அன்றைய திட்டப்படி அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 2016 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த ஹைட்ரோகார்பன் ஆய்வு, உரிமக் கொள்கையின்படி ஒரே உரிமத்தில் வழக்கமான எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு எல்லாமே அடங்கும். ஆகவே வாய்மொழி உறுதியை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். “இந்த ஒப்பந்தத்தில் ஷேல் எரிவாயுவும் மீத்தேனும் எடுக்க உரிமை இருக்கிறதா, இல்லையா? எழுத்தில் கொடுங்கள்” என்று கேளுங்கள்.

மறுபக்கம், நாமும் மிகைப்படுத்தக் கூடாது. ஊர்க்கூட்டத்தில் யாராவது “பத்து ஆண்டில் தஞ்சாவூர் பாலைவனம்” என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், அடுத்த வாரம் ஆட்சியர் அலுவலகத்தில் அதே வாக்கியத்தை எடுத்துவைத்துக் கேள்வி கேட்பார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட இறுதி மதிப்பீட்டில், ஃபிராக்கிங் நடவடிக்கைகள் சில சூழ்நிலைகளில் குடிநீர் ஆதாரங்களைப் பாதிக்கக்கூடும் என்றுதான் சொல்லியிருக்கிறது. நிதானமான அந்த வாக்கியமே போதும். மூன்று போகம் விளையும் நிலத்தில், ஒரே ஆற்றை நம்பியிருக்கும் ஊர்களில், “சில சூழ்நிலைகளில்” என்பதை ஏற்றுக்கொள்ள நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

வயலில் ஆள் நின்றால்

முதலில் வருவது நில அதிர்வு அளவை. வரப்போரம் நெடுகக் கம்பி இழுத்திருப்பார்கள், சிறிய கருவிகளை மண்ணில் குத்திவைத்திருப்பார்கள், சில இடங்களில் துளையிட்டு வெடி வைப்பார்கள். பிறகு ஒரு நில முகவர் வருவார். அநேகமாகப் பக்கத்து ஊர்க்காரராகவே இருப்பார்.

வந்தவர்களை மறித்துச் சண்டை போட வேண்டாம். அடையாள அட்டை, பணி ஆணை இரண்டையும் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் எது, ஒப்பந்தக்காரர் யார், எந்தப் புல எண்களில் வேலை, யார் அனுமதி கொடுத்தது என்று குறித்துவைத்துக்கொண்டு, அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்து மூலம் கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்கப்படாத மனு.

நிலத்தை வாடகைக்குக் கேட்டால், தமிழில் எழுதிய முழு ஒப்பந்தத்தையும் கையில் வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டும்வரை எதிலும் கையெழுத்திடாதீர்கள். “சும்மா ஆட்சேபணை இல்லைக் கடிதம்தான்” என்று நீட்டப்படும் ஒரு பக்கத் தாளையும் இதே எச்சரிக்கையோடு பாருங்கள். இன்னொரு விஷயம். டெல்டாவில் நிலத்தின் பட்டாதாரர்கள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், இங்கே உழுபவர் குத்தகைதாரர். முகவர் முதலில் தொலைபேசியில் பிடிப்பது வெளியூரில் இருக்கும் அந்த உரிமையாளர்களைத்தான். அவருக்கு முன்பாக நீங்கள் பிடிக்க வேண்டும். சிட்டாவை வைத்துக்கொண்டு பெயர்ப் பட்டியல் தயாரித்து, ஒவ்வொருவரிடமும் ஊர்க்காரர் ஒருவரே பேசட்டும். பங்காளிகளில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றவர்கள் பிறகு தவிக்கும் நிலையை இது பெருமளவு தடுக்கும்.

கோப்பு எங்கே இருக்கிறது?

ஏறத்தாழ இந்த வரிசையில்தான் திட்டம் நகரும்: எண்ணெய், எரிவாயு எடுக்க வரையறுத்த பரப்பை, அதாவது வட்டாரத்தை, மத்திய அரசு ஏலம் விடும், நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும், மாநில அரசு, மத்திய அரசின் ஒப்புதலோடு, உரிமமும் சுரங்கக் குத்தகையும் வழங்கும், சுற்றுச்சூழல் அனுமதி கிடைக்கும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவுவதற்கும் பிறகு இயக்குவதற்கும் இசைவு தரும், நிலம் கையகமாகும். கடலில் எடுக்கும் எண்ணெய்க்கு மாநிலத்திடம் வர வேண்டியதில்லை. நிலத்தில் எடுப்பதற்கு வந்தாக வேண்டும். இந்த மூன்றாவது மேசைதான் நமக்கு வலுவான பிடி.

நெடுவாசலைப் பாருங்கள். 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. நெடுவாசலும் காரைக்காலும் அதில் இருந்தன. மறுநாளே ஊர் எழுந்தது. மார்ச் மாதம் கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்தோடு டெல்லியில் ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் குத்தகையை அந்த நிறுவனத்தின் பெயருக்கு மாநில அரசு மாற்றித் தரவில்லை. நெடுவாசல், நல்லாண்டார்கொல்லை, வடகாடு மக்கள் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது எந்த அரசாலும் அந்தக் கையெழுத்தைப் போட முடியவில்லை. மக்கள் திரள் எந்த மேசையை நோக்கித் திரள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

கோப்பின் நிலையை அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநில அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், மத்திய அரசு அலுவலகத்துக்கு அதே தொகைக்கு அஞ்சல் ஆணை வைக்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், சென்னையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம், மத்திய அரசின் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் ஆகிய நான்கிற்கும் தனித்தனி மனு போடுங்கள். “மீத்தேன் திட்டம் பற்றிய விவரங்கள் தரவும்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வட்டாரத்தின் பெயர், கிணறுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் புல எண்ணும் அட்சரேகை, தீர்க்கரேகையும், குத்தகை ஆணையின் நகல், சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், கழிவுநீரை வெளியேற்றும் திட்டம் என்று ஆவண ஆவணமாகக் கேளுங்கள்.

கூடவே, ஊரில் கணினி தெரிந்த ஓர் இளைஞரிடம் ஒரு நிரந்தரப் பொறுப்பைக் கொடுங்கள். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வாரம் ஒருமுறை மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். இது ஏன் அவசியம் என்பதை ராமநாதபுரம் காட்டுகிறது. அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சிலேயே சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டது. ஊருக்குச் செய்தி பரவி எதிர்ப்புக் கிளம்பியது ஆகஸ்டில். நல்லவேளையாக, அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு அறிவுறுத்தியது. ஆனால் இடையில் ஐந்து மாதம் ஓடியிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்வதற்கான கெடு 30 நாள்தான், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் தீர்ப்பாயமே நினைத்தாலும் நீட்டிக்க இயலாது.

ஆய்வுக் கிணறு என்பதால் அங்கே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. 2020 ஜனவரி 16 அன்று வெளியான அறிவிக்கையில் ஆய்வுக் கிணறுகளை ‘பி2’ என்ற வகைக்கு மாற்றி, தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக் கேட்பும் வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டார்கள். ஆய்வு என்று தொடங்குவதுதான் பிறகு உற்பத்தியாக மாறும். வாசலிலேயே கேட்க வேண்டிய கேள்வியை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு கேட்கச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்? இந்த விலக்கை ரத்து செய்யக் கோருவது உங்கள் தீர்மானங்கள் ஒவ்வொன்றிலும் இடம்பெற வேண்டும்.

நீங்கள் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் இருக்கிறீர்களா?

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், அன்று மயிலாடுதுறையையும் உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டங்கள் அதில் வருகின்றன. கடலூரில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்களும், புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் அடங்கும். இந்த எல்லைக்குள் மீத்தேன், ஷேல் உட்பட எண்ணெய், எரிவாயு ஆய்வு, துரப்பணம், எடுப்பு எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஊர் மக்கள் போராடிப் பெற்ற சட்டம் இது. மனுவின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இதன் ஓட்டைகளையும் அறிந்திருங்கள். சட்டம் வருவதற்கு முன்பே இருந்த திட்டங்களை அது தொடாது. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை போன்ற உள்கட்டமைப்பையும் தொடாது. அரியலூர், கரூர், திருச்சி மாவட்டங்களின் பாசனப் பகுதிகள் வெளியே நிற்கின்றன, ராமநாதபுரமும் வெளியே. உங்கள் ஊரில் “பழைய கிணற்றைப் பழுது பார்க்கிறோம்” என்று எந்திரம் வந்தால், அது உண்மையிலேயே பழைய கிணறுதானா, பழைய கிணற்றின் பக்கத்தில் தோண்டப்படும் புதிய கிணறா என்று புல எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். முன்பே தகவல் மனுவில் வாங்கிய கிணற்றுப் பட்டியல் அப்போதுதான் கைகொடுக்கும்.

மண்டலத்துக்கு வெளியே இருப்பவர்கள், தங்கள் ஒன்றியத்தையும் சேர்க்கச் சொல்லிக் கிராம சபைத் தீர்மானம் போட்டு அனுப்புவதிலிருந்து தொடங்கலாம். நிலப் பயன்பாட்டுச் சட்டத்தை வைத்துச் சிறிய ஊர்கள் பெரிய நிறுவனங்களைத் தடுத்ததற்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் டிரைடன் என்ற சிற்றூர் தன் எல்லைக்குள் எரிவாயு எடுப்பதை உள்ளூர் நில மண்டல விதியால் தடை செய்தது. நிறுவனம் வழக்குப் போட்டது. 2014 ஜூனில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டின் இறுதியில், மாநிலம் முழுவதுமே ஃபிராக்கிங்கைத் தடை செய்வதாக மாநில அரசு அறிவித்தது.

தண்ணீரை இன்றைக்கே பரிசோதித்துவையுங்கள்

இந்தக் கட்டுரையில் சொல்பவற்றில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கிணறு வந்து ஐந்தாண்டு கழித்து உங்கள் போர்த்தண்ணீர் கெட்டுப்போனால், நிறுவனம் சொல்லப்போகும் பதில் ஒன்றுதான்: “இங்கே முன்பிருந்தே உப்பு இருக்கிறது.” கடலோர டெல்டாவில் அது பல இடங்களில் உண்மையும்கூட. முன்பு எவ்வளவு இருந்தது என்று காட்டும் தாள் உங்களிடம் இல்லையென்றால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

ஊரின் நான்கு திசைகளிலும், கைப்பம்பு, பாசன போர், திறந்த கிணறு, குளம் என்று கலந்து பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு போரின் ஆழத்தையும் அதைப் போட்டவரிடமோ மோட்டார் பழுது பார்ப்பவரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆழம் தெரியாத மாதிரிக்குப் பாதி மதிப்புதான். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் போன பிறகு பிடியுங்கள். புதிய பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். நாள், நேரம், புல எண், எடுத்தவர் பெயர், சாட்சி ஒருவரின் கையெழுத்து எல்லாம் பாட்டிலில் ஒட்டிய தாளில் இருக்க வேண்டும். பாட்டிலையும் கிணற்றையும் சேர்த்து ஒரு படம். குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்து ரசீது வாங்குங்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன, கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தருவார்கள். கரைந்துள்ள மொத்த உப்புகள், குளோரைடு, சோடியம், அமிலகாரத் தன்மை ஆகியவற்றை எல்லா மாதிரிகளிலும் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2000 வரை. குளோரைடுக்கு அதே கணக்கு 250, 1000. பேரியம், ஸ்ட்ரான்சியம், பென்சீன், கரைந்த மீத்தேன் ஆகியவற்றுக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகமோ பல்கலைக்கழகமோ தேவைப்படும். செலவு கூடும் என்பதால் இரண்டு மூன்று கிணறுகளுக்கு மட்டும் செய்யலாம். தண்ணீரில் வாயுக் குமிழி தெரிந்தால் யாரும் தீக்குச்சி கிழித்துப் பார்க்க வேண்டாம், விபத்தில் முடியும்.

மேட்டூர் திறப்பதற்கு முன் கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தையில் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை இதைச் செய்யுங்கள். இடைப்பட்ட மாதங்களில் உப்பு அளக்கும் சிறிய பேனாக் கருவி போதும். சில நூறு ரூபாய்தான், பள்ளிப் பிள்ளைகளே அளந்து நோட்டில் எழுதிவிடுவார்கள்.

ஊரை ஒன்றாக வைத்திருப்பது

சட்டப்பிரிவுகளைவிடக் கடினமான வேலை இதுதான். நிலம் உள்ளவருக்கு வாடகை வரும், குத்தகைதாரருக்கு வராது. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் கூலித் தொழிலாளிக்கு வேலைதான் போகும், அவர் பெயர் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இருக்காது. ஊரைப் பிரிக்க விரும்புபவர்கள் இந்த இடத்தில்தான் கைவைப்பார்கள். ஆகவே முதல் கூட்டத்தையே எல்லாத் தெருக்காரர்களும் சமமாக உட்காரக்கூடிய இடத்தில் நடத்துங்கள். பள்ளி மைதானமோ ஊராட்சி அலுவலகமோ பரவாயில்லை. சிலர் உள்ளே வரத் தயங்கும் கோயில் மண்டபம் வேண்டாம். காலனித் தெருவில் நடக்காத கூட்டம் ஊர்க்கூட்டமே ஆகாது. ஒருங்கிணைப்புக் குழுவில் விவசாயத் தொழிலாளர்களும் பெண்களும் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். நெடுவாசலில் பந்தலை நாள்தோறும் நிறைத்தவர்கள் பெண்கள்.

ஆஸ்திரேலியாவில் ‘லாக் த கேட்’ இயக்கத்தோடு சேர்ந்த ஊர்கள் ஒரு நல்ல முறையைக் கடைப்பிடித்தன. பெரிய அமைப்பு வந்து கையெழுத்து வாங்குவதில்லை. ஒவ்வொரு சாலையிலும் குடியிருப்பவர்களே தங்கள் சாலையில் வீடு வீடாகப் போய், “எரிவாயு வயல் இல்லாத சாலையாக இது இருக்க விரும்புகிறீர்களா?” என்ற ஒரே கேள்வியைக் கேட்பார்கள். ஆம், இல்லை, தெரியாது மூன்றையும் அப்படியே பதிவு செய்வார்கள். நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியில் சாலை சாலையாக இப்படிச் சேர்ந்த கணக்கு, 2014இல் பென்ட்லி என்ற இடத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது அடித்தளமாக இருந்தது. அந்தத் துரப்பணத்துக்கான ஒப்புதலை அரசு நிறுத்திவைத்தது. நம் ஊரில் தெருவாரியாக இதைச் செய்யலாம். வீட்டுக்கு ஒரு கையெழுத்து என்று வாங்காமல், வயதுவந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாங்குங்கள். தெரியாது என்று சொன்னவர்களிடம் மறுவாரம் பொறுமையாகப் போய்ப் பேசுங்கள்.

இந்தக் கணக்கோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கை, அதாவது குறைவெண் வரம்பு, மக்கள்தொகையைப் பொறுத்தது, ஊராட்சி செயலரிடம் முன்பே கேட்டு அதைவிட இரண்டு மடங்கு ஆட்களைத் திரட்டுங்கள். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். வட்டாரத்தின் பெயர், புல எண்கள், வேளாண் மண்டலச் சட்டம், ஆய்வுக் கிணறு விலக்கை ரத்து செய்யும் கோரிக்கை எல்லாம் அதில் இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் பதிவானதைக் கண்ணால் பார்த்துப் படமெடுத்த பிறகே கலையுங்கள். தீர்மானம் மட்டுமே கிணற்றை நிறுத்திவிடும் என்று நம்பாதீர்கள். நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஊர் என்ன சொன்னது என்ற கேள்வி எழும்போது, அதற்கான பதில் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும்.

குழாய்ப்பாதை அறிவிப்பு வந்தால்

கிணறு பக்கத்து ஊரில் இருந்தாலும் குழாய் உங்கள் வயல் வழியே போகலாம். 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ப்பாதைச் சட்டத்தின் கீழ் அரசிதழில் அறிவிக்கை வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் தகுதி அதிகாரியிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரணைக்கு நீங்கள் உரிமை கோரலாம். இந்த 21 நாளைத் தவறவிட்டவர்கள் ஏராளம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம் கட்டவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ முடியாது. இழப்பீடாக அந்தப் பட்டையின் சந்தை மதிப்பில் பத்து சதவீதமும், பயிர்ச் சேதம் போன்றவற்றுக்குத் தனியாகவும் கிடைக்கும். தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்குப் பத்து சதவீதம் என்ன ஈடு ஆகும் என்பதை ஆட்சேபணையில் மரக்கணக்கோடு எழுதுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால்

உற்பத்திக் கிணறுகளுக்கு இது இன்னும் உண்டு. குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகம் முதலிய இடங்களில் வைக்கப்பட வேண்டும். கழிவுநீர் பற்றிய அத்தியாயத்தையும் நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயத்தையும் முழுதாகப் படியுங்கள், மற்றவற்றைப் புரட்டினால் போதும். பேசுபவர் பத்துப் பேர் என்றால் பத்துத் தனித்தனிக் கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் கேள்வி அதில் விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து சொல்லுங்கள். புறக்கணித்து வெளியேறுவது சில சமயம் சரியான முடிவாக இருக்கலாம், எழுத்து மூலமான ஆட்சேபணைகளைக் கொடுத்து ஒப்புகை வாங்கிய பிறகு வெளியேறுங்கள்.

போராட்டமும் வழக்குகளும்

கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. ஆட்சியர் வர வேண்டும் என்று உட்கார்ந்த மக்கள் மீது தடியடி நடந்தது. பேராசிரியர் த. செயராமன் உட்படப் பத்துப் பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் சேலத்தில், இந்தப் போராட்டங்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திருவாரூர் மாவட்டத்தில் 2015இல் எண்ணெய்க் கிணற்றை எதிர்த்து நடந்த போராட்டத்தில் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் போடப்பட்ட வழக்கில், பத்தாண்டு கழித்து 2025 டிசம்பரில், விவசாயிகள் சங்கத் தலைவர் ஒருவருக்கு 13 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு கண்ணாடி உடைந்தாலும் அதை எத்தனை ஆண்டுகள் தூக்கிச் சுமக்க நேரிடும் என்பதை இளைஞர்களிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பந்தலில் எப்போதும் இரண்டு பேர் படம் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். அறிமுகமில்லாத ஒருவர் கல்லை எடுத்தால் அது அந்தப் படத்தில் இருக்க வேண்டும்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மூன்று வழக்கறிஞர்களின் எண்கள் ஊரில் எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கட்டும். கைதானால் யார் சாப்பாடு கொண்டுபோவது, யார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, யார் ஜாமீன்தாரர் என்பதையும் முன்பே முடிவு செய்துவையுங்கள்.

ஏற்கெனவே கிணறு இருக்கும் ஊர்களுக்கு

பல ஊர்களின் நிலைமை இதுதான், அவர்களுக்கு இந்த வழிகாட்டியின் முற்பாதி தாமதமாகவே வந்து சேருகிறது. ஆனாலும் செய்ய வேண்டியவை நிறைய. இயக்க இசைவு ஆணையின் நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்கி, அதில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் களத்தோடு ஒப்பிடுங்கள். கழிவுக் குழிக்குப் படுதா விரிக்கப்பட்டிருக்கிறதா, மழைக்காலத்தில் வழிகிறதா, எரியும் வாயுக் குழல் வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம், கைவிட்ட கிணற்றை மூடி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்களா என்று பாருங்கள். கசிவு கண்டால் எண்ணெய் படிந்த மண்ணையும் நாற்றையும் படம் எடுத்து, கொஞ்சம் மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துவைத்துவிட்டு, அன்றைக்கே வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் புகார் கொடுங்கள். நிறுவன ஆட்கள் வந்து மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் போவதற்கு முன் இது நடக்க வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளிலும், மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதே புகாரைப் பழைய மனுவின் எண்ணோடு மறுபடி எழுப்புங்கள்.

இந்தத் தாள்கள் அனைத்தையும் மூன்று படிகளாக வைத்திருங்கள். ஒன்று ஊரில், ஒன்று வழக்கறிஞரிடம், ஒன்று இந்தப் போராட்டத்தைத் தெரிந்த பக்கத்து ஊர்க்காரரிடம். ஏல அறிவிப்பு அடுத்த முறை வரும்போது வட்டார எல்லை அவர்களுடைய வயலையும் சேர்த்தே வரையப்பட்டிருக்கும்.